அட்டவணையா, முழுமூச்சா? கழிப்பறைப் பழக்கத்துக்கு இரண்டு வழிகள்

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள்.

அட்டவணை: பிள்ளை எப்போதெல்லாம் நனைக்கிறான் என்று சில நாள் குறித்துவைத்து, அதற்குச் சற்று முன்னால் கூட்டிப்போவது.
முழுமூச்சு: 1971இல் அஸ்ரின், ஃபாக்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்டது. நிறையக் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கொரு முறை உட்காரவைத்து, போனதும் உடனே பரிசு.

காலம்: அட்டவணைக்குப் பல மாதம் ஆகலாம், முழுமூச்சில் சில நாளிலேயே மாற்றம் தெரியலாம்.
உழைப்பு: முன்னதைப் பள்ளியிலும் தொடரலாம், பின்னதற்கு ஒருவர் நாள் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும்.

அட்டவணையில் ஒரு சிக்கல் உண்டு. நாம் கூப்பிடும்வரை பிள்ளை காத்திருக்கப் பழகிவிடும். அதனால், அவனே கேட்கப் பழக, ஒவ்வொரு முறையும் கழிப்பறைப் படம் போட்ட அட்டையை அவன் கையாலேயே எடுத்துக் கொடுக்க வையுங்கள்.

முழுமூச்சின் மூலவடிவத்தில், நனைத்தால் பிள்ளையையே சுத்தம் செய்யவைக்கும் தண்டனையும் இருந்தது. அது வேண்டவே வேண்டாம். வலிப்பு, சிறுநீரகத் தொல்லை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

வேலைக்குப் போகும் வீட்டுக்கு அட்டவணைதான் சரி. நீண்ட விடுமுறையும், வழிநடத்தப் பயிற்சியாளரும் இருந்தால் முழுமூச்சை முயலலாம். எதுவானாலும், மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.