கயாக்குக்குத் தொடைத் தாங்கி: கட்டிங் போர்டா, பிவிசி பைப்பா, பிரிண்டரா?

பழைய கயாக் (ஒருவர் உள்ளே உட்கார்ந்து துடுப்பு போடுகிற ஒடுங்கிய படகு) ஒன்று வாங்கினேன். வெளிப்புறத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளே கையை விட்டுப் பார்த்தால் தொடைத் தாங்கிகளில் ஒன்று உடைந்திருக்கிறது, இன்னொன்று ஆளையே காணோம். காக்பிட் (ஆள் உட்காருகிற திறப்பு) விளிம்புக்கு அடியில் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் தொடைத் தாங்கி. அதில் தொடையை முட்டுக்கொடுத்தால்தான் இடுப்பை அசைத்துப் படகைச் சாய்க்க முடியும். அது இல்லாமல் முட்டுக்காட்டில் முகத்துவாரம் பக்கம் போனேன், பக்கவாட்டில் ஒரு அலை வந்தது, நான் ஒரு பக்கம், படகு ஒரு பக்கம்.

சரி, நாமே செய்துகொள்ளலாம் என்று மூன்று வழியிலும் செய்து பார்த்தேன். எது வலிமையானது என்பதைவிட, உடையும்போது எப்படி உடையும் என்பதுதான் இங்கே கேள்வி. ஏனென்றால் உடைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே உங்கள் தொடை இருக்கிறது.

முதலில் பிவிசி, அதுதான் சுலபம். 110 மில்லி பைப்பை நீளவாக்கில் கீறிச் சூடாக்கி விரித்தால் கிட்டத்தட்ட 345 மில்லி அகலத்தில் ஒரு தகடு கிடைக்கும். 80 டிகிரிக்கு மேலே போனாலே இளக ஆரம்பித்துவிடும், சின்னத் துண்டென்றால் கொதிக்கிற தண்ணீரே போதும். பிளம்பர் சொல்யூஷன் போட்டு இரண்டு தகட்டை ஒன்றாக ஒட்டிக் கனமாக்கவும் முடியும், இந்த வசதி கட்டிங் போர்டில் இல்லை. ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வைக்கும்போது பழுப்பு நிறம் தட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள், கருகினால் வருவது ஹைட்ரஜன் குளோரைடு, மூச்சுக்குழாயை அரிக்கும். சமையல் ஓவன் பக்கமே இதைக் கொண்டுபோகக் கூடாது. நான் செய்த ஜோடி இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் கரையில் அலைக்குள் இறக்கும்போது, வளைவுக்கு ரொம்பப் பக்கத்தில் நான் போட்டிருந்த துளையிலிருந்து விரிசல் விட்டுப் பட்டென்று உடைந்தது. தப்பு என்னுடையதுதான், ஆனால் உடைந்த விளிம்பு கத்தி மாதிரி இருந்தது, அரைக்கால் சட்டையையும் தாண்டிக் கீறிவிட்டது. வெயிலில் கிடக்கக் கிடக்க பிவிசி இன்னும் நொறுங்கிப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 3டி பிரிண்டர். நண்பரிடம் இருந்த இயந்திரத்தின் படுக்கை, அதாவது பொருள் உருவாகும் தளம், 220 மில்லி சதுரம், என் தாங்கி 260 மில்லி. இரண்டு துண்டாக அடித்து இணைக்க வேண்டியிருந்தது, இணைப்பு வந்து விழுந்ததோ சுமை அதிகமாக ஏறுகிற நடு இடத்தில். பிரிண்டரில் போடுகிற பிளாஸ்டிக்கில் பல வகை உண்டு, அதில் பிஎல்ஏ வேண்டவே வேண்டாம். அது 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும், மே மாத வெயிலில் மூடிய காருக்குள் போட்டுவைத்தால் கோணிக்கொள்ளும். பிஇடிஜி 80 டிகிரி வரை தாங்கும், வெயிலுக்கு ஏஎஸ்ஏ இன்னும் மேல். எதில் அடித்தாலும் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில்தான் பலவீனம், தொடை மேலே தள்ளும்போது சரியாக அங்கேதான் பிரியும். இதைவிடப் பெரிய தலைவலி வரைபடம். விளிம்புக்கு அடியில் இருக்கிற வளைவை அளந்து கணினியில் கொண்டுவருவதற்குள் இரண்டு ஞாயிறு போனது. கயிற்று வழிகாட்டி, மூடி, கொக்கி மாதிரிச் சின்ன விஷயங்களுக்கு மட்டும் பிரிண்டர் அருமை.

கடைசியில் நிலைத்தது காய்கறி நறுக்கும் கட்டிங் போர்டுதான், அதாவது ஹெச்டிபிஇ என்கிற அடர்த்தியான பாலிஎத்திலீன். பெரும்பாலான பிளாஸ்டிக் கயாக்குகளே பாலிஎத்திலீன் குடும்பம், இதுவும் அதே சாதி. வாங்கும்போது அடியில் முக்கோணத்துக்குள் 2 இருக்கிறதா என்று பாருங்கள். 5 என்று இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், அதற்குச் சூடு இன்னும் அதிகம் வேண்டும். தடிமன் 8 மில்லி இருந்தால் நல்லது. ஹீட் கன்னை ஒரே பக்கம் காட்டினால் மேலே உருகி வழியும், உள்ளே கட்டையாகவே இருக்கும், பிளாஸ்டிக்கில் சூடு அவ்வளவு மெதுவாகத்தான் இறங்கும். பொறுமையாக இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். 130 டிகிரி வாக்கில் வெள்ளைப் பலகை கண்ணாடி மாதிரித் தெளிய ஆரம்பிக்கும், அதுதான் பதம். உடனே மர அச்சின் மேல் போட்டு அழுத்தி, கிளாம்ப் போட்டு, முழுசாக ஆறும்வரை தொடாதீர்கள். நான் அவசரப்பட்டு அரை மணியில் கழற்றினேன், கொஞ்சம் பின்னால் நிமிர்ந்துகொண்டது. வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே வளைத்துவிடுவது நல்லது.

இதில் பசை ஒட்டாது, சாதாரணப் பசை எதுவும். அதனால் எஸ்எஸ் 316 (உப்புத் தண்ணீரைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டு, அகல வாஷர், உள்ளே நைலான் வைத்த நட்டு. துளையை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகப் போடுங்கள், 250 மில்லித் துண்டு 30 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிவரை நீளும். மேலே வைக்கிற ஃபோமையும் ஒட்ட முடியாமல் ஓரத்தில் துளைபோட்டுக் கயிற்றால் தைத்தேன். பார்க்க அழகில்லை. ஆனால் வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தபோது வளைந்து கொடுத்ததே தவிர விரிசல் விடவில்லை.

மாட்டியதும் நேராக ஆழத்துக்குப் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திவைத்து, கவிழ்த்து வெளியே வந்து பார்த்தேன். இடது முட்டி சிக்கியது. இரண்டு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் ஜிக்ஸாவால் அறுத்து, ஓரத்தை உருட்டி, மறுபடி கவிழ்த்தேன். இந்த முறை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.