எங்கள் வார்டு கிராம சபை: ஐந்துக்கு மூன்றரை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு பஞ்சாயத்து எங்களுடையது. இங்கே வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். எங்கள் வார்டு கிராம சபைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மனசாரக் கொடுக்கும் மூன்றரை இது.

நான் பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம். அங்கே பஞ்சாயத்து முழுவதற்கும் ஒரே கிராம சபைதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போது மார்ச் 22, நவம்பர் 1-ம் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு. பெருங்கூட்டம், ஒரு மைக். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் வாய் திறப்பது கஷ்டம்.

கேரளத்தில் வார்டு வார்டாக நடக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். நடந்து போகிற தூரத்தில் அங்கன்வாடியிலோ பள்ளிக்கூடத்திலோ கூட்டம். யார் வீட்டுக் கிணறு வற்றியது என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். 1994-ம் வருஷப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும். கூட்டுவது வார்டு மெம்பர் பொறுப்பு; அடுத்தடுத்து இரண்டு முறை கூட்டாமல் விட்டால் மெம்பர் பதவியே போய்விடும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை. 1,200 ஓட்டு உள்ள வார்டு என்றால் 120 பேர் வர வேண்டும். ஆகவே, நீங்கள் ஒருத்தர் போவதற்கும் கணக்கு உண்டு.

திட்டம் போடுகிற கிராம சபைக்கு மட்டுமாவது கட்டாயம் போங்கள். பேச்செல்லாம் முடிந்ததும் விவசாயம், குடிநீர், பெண்கள் என்று குழு குழுவாகப் பிரித்து உட்கார வைப்பார்கள். உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது. எங்கள் பக்கம் மழை குறைவு, போர்வெல் எவ்வளவு ஆழம் போனாலும் கோடையில் கை விரிக்கும். தெருக்கடைசி வீடுகளுக்குப் பைப் தண்ணீர் ஏறுவதே இல்லை. மெம்பரிடம் வழியில் பார்க்கும்போதெல்லாம் சொல்வோம், "பார்க்கலாம் அக்கா" என்பார். ஒரு தடவை குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துப் பெண்கள் (கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சேரும் குழு) சேர்ந்து, எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை தண்ணீர் வந்தது, எத்தனை குடம் என்று நோட்டுப் போட்டு எழுதினோம். அந்தக் கணக்கைக் குடிநீர்க் குழுவில் வைத்தோம். வாயால் சொன்னபோது நகராத விஷயம், மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில் ஏறியதும் நகர்ந்தது. அங்கிருந்து, எல்லா வார்டுகளின் தேவைகளையும் பேசும் பஞ்சாயத்தின் வளர்ச்சிக் கருத்தரங்குக்குப் போய், அடுத்த வருஷத் திட்டத்தில் புது லைன் வந்தது. ஊருக்கான திட்டத்தை ஊர் மக்களே போட 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதன் பலனை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம், குறைத்த ஒன்றரை.

ஆட்டுக்கும் தென்னை உரத்துக்கும் ஃபாரம் கொடுத்து முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடுகிறது. குழுவில் உட்கார ஆள் தேட வேண்டியிருக்கிறது. பயனாளிப் பட்டியலில் யார் முன்னே, யார் பின்னே என்பதும் சபையில் பேச வேண்டிய விஷயம். அந்த நேரத்தில் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு பெயர் இல்லை என்று வருத்தப்படுகிறோம். சில இடங்களில் கோரம் சேர்க்க ரிஜிஸ்டரை வீட்டுக்கே கொண்டுவந்து கையெழுத்துக் கேட்பதும் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். நீங்கள் போடும் அந்தக் கையெழுத்தில்தான், நடக்காத பேச்சு நடந்ததாகிறது.

வேலை நாளில் வைத்தால் கூலிக்குப் போகிற பெண்கள் வர முடியாது. நோட்டீஸ், ஃபாரம், மினிட்ஸ் எல்லாமே மலையாளத்தில். தமிழில் பேசினால் யாரும் தடுப்பதில்லை, நன்றாகவே கேட்கிறார்கள். ஆனால் தான் சொன்னது என்னவாக எழுதப்பட்டது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துப் பார்க்கத் தெரியாது. தமிழர் அதிகம் வாழும் பகுதிகளில் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 1969-ம் வருஷ ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அப்படியிருக்க, கூட்ட நோட்டீஸைத் தமிழிலும் ஒட்டுவது பெரிய காரியமா?

அடுத்த சபையில் எங்கள் அயல்கூட்டம் கேட்கப்போவது இதைத்தான்: தமிழிலும் நோட்டீஸ், ஞாயிற்றுக்கிழமை கூட்டம், கலைவதற்கு முன் மினிட்ஸைத் தமிழில் ஒரு முறை வாசிப்பது. சரி என்று எழுதிக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும் என்று அந்தப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் இருக்கிறது. அதற்கான மனுவை எழுத ஆரம்பித்துவிட்டோம்.