பதினேழு தடவை

"எத்தனை தடவை கரண்ட் கொடுத்தீங்க சார்?" என்பதுதான், பழுதான ஹார்ட் டிரைவிலிருந்து தரவை மீட்டுத் தருகிற அந்தச் சென்னை ரிச்சி தெரு மனிதர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பெயரைக் கேட்கவில்லை, டிரைவ் எத்தனை டெராபைட் என்று கேட்கவில்லை, பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்துப் பதினேழு என்றேன். அவர் என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த ரேம் அட்டைப் பெட்டி ஒன்றைத் திருப்பி, அதன் பின்புறத்தில் 17 என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார். ஸ்டுட்கார்ட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எத்தனையோ அலுவலகங்களில் படிவம் நிரப்பியிருக்கிறேன். எந்தப் படிவமும் என்னை இவ்வளவு கூச வைத்ததில்லை.

இந்த முறை மூன்று வாரம் ஊரில் இருந்தேன். வங்கி வேலை, பட்டா மாறுதல், அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் ஒழுங்காகவே நடந்ததால் அவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை. எழுதத் தூண்டியது, சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிற ஒரு கறுப்புப் பெட்டிதான். அதில் எங்கள் வீட்டுப் படங்களோடு, 1996-இல் நடந்த அக்காவின் கல்யாணம் உட்படப் பதினோரு வி.எச்.எஸ் கேசட்டுகளின் பதிவு இருந்தது. அவற்றைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தவர் கும்பகோணத்தில் எங்களுக்குப் பழக்கமான ஸ்டுடியோக்காரர். எம்பி4 ஆகச் சுருக்கிக் கொடுத்தால் இடம் மிச்சமாகுமே என்று நான் சொன்னபோது, "சுருக்கினா சாறு போயிடும் தம்பி" என்று மறுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கிற DV வகை ஏவிஐ கோப்புகளாகவே போட்டுத் தந்தார். அன்று அந்தப் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. கேசட்டுகளோ, மாற்றியாயிற்றே என்று அம்மாவால் பழைய பேப்பர்காரரிடம் போடப்பட்டுவிட்டன.

விபத்தைச் சொல்ல இரண்டு வரி போதும். கூடத்து மேசையில் டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் நான்கு வயதுப் பேரன் வயரை வாலாக நினைத்து இழுத்துவிட்டான். அது சிவப்பு சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி செருகினேன். உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் மெல்லிய ரீங்காரம் எழுந்தது. பிறகு டிக், டிக், டிக் என்று பல்லி சொல்வதுபோல ஏழெட்டு முறை தட்டிவிட்டு அடங்கிவிட்டது. அதுதான் முதல் தடவை. நம்பிக்கையில்லாமல் ஒன்று, வேறு துளையில் ஒன்று என மேலும் இரண்டு தடவை நானே கொடுத்தேன். ஆக மூன்று.

அடுத்த ஐந்து, அத்தானுடைய கணக்கு. வீட்டில் பழுதாகும் எதையும் பழுது என்று ஒப்புக்கொள்ளாதவர் அவர். வயரை மாற்றினார், லேப்டாப்பை மாற்றினார், "சூட்டில விரிஞ்சிருக்கும் மாப்ளே" என்று ஃபிரிட்ஜின் மேல்தட்டில் அரை மணி நேரம் வைத்து எடுத்துச் செருகினார். போனை அரிசிப் பானையில் புதைப்பதற்கும் டிரைவைக் குளிரூட்டுவதற்கும் ஊருக்கு ஊர் பக்தர்கள் இருக்கிறார்கள், ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். குளிர்ந்த டிரைவை வெளியே எடுத்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன் மேல் முத்து முத்தாகப் படியும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. கடைசியாக உறையைப் பிரித்து, டிரைவை நேராகக் கணினிக்குள் இணைக்கும் சாட்டா வயரில் மாட்டிப் பார்க்கலாம் என்று முனைந்தார். உள்ளே சாட்டா முனையே இல்லை. யூஎஸ்பி முனை நேராக டிரைவின் பச்சை மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. இப்போது வரும் கையடக்க டிரைவ்களில் பலவற்றின் அமைப்பு இதுதான் என்பது எங்கள் இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

மிச்சமுள்ள ஒன்பது தடவைகள்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஊரில் 'டேட்டா ரெக்கவரி செய்து தரப்படும்' என்று கொட்டை எழுத்தில் பலகை வைத்திருந்த ஒரு கடைக்குப் போனோம். கல்லாவில் உரிமையாளர் இல்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். முகம் கோணாமல், வந்தவுடன் தண்ணீர் கொடுத்து, அன்பாகவே நடந்துகொண்டான். அதனால்தான் நானும் ஏமாந்தேன். அவன் செருகினான், டிக் டிக் கேட்டது, எடுத்தான். மென்பொருள் ஒன்றைத் திறந்துகொண்டு செருகினான். கையில் வைத்து லேசாகத் தட்டிக்கொண்டே செருகினான். தலைகீழாகக் கவிழ்த்துச் செருகினான். ஒவ்வொரு முறையும் "ஒரு நிமிஷம் சார், இப்ப வந்துடும்" என்றான். ஒன்பதாவது முறை அந்த டிக் டிக்கின் கூடவே, கரும்பலகையில் நகம் பட்டதுபோல மெல்லிய கிரீச் சத்தமும் சேர்ந்து வந்தது. பிறகு அவன் இழுப்பறையிலிருந்து நட்சத்திரத் திருப்புளியை எடுத்தபோதுதான் எனக்குச் சுரணை வந்து டிரைவைப் பிடுங்கிக்கொண்டேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த, வாசல் திறந்து கிடந்த, தெருப் புழுதி நேராக வந்து படிகிற அந்த மேசையில் மூடியைக் கழற்றப் போனான் அவன். ஆராய்ச்சிக் கட்டணம் என்று வாங்கிய முந்நூறு ரூபாயைத் திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அத்தானுக்குத் தோன்றியது, கிடைக்கவில்லை.

அந்த டிக் டிக் என்ன என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். டிரைவுக்குள் கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்தில் சுழல்கிறது. அதன் மேல் படிக்கும் தலை, தட்டைத் தொடாமல், சுழற்சியில் எழும் காற்றுப் படலத்தின் மீது சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. ஒரு தூசித் துகளே அந்த இடைவெளிக்கு மலை. விழுந்த அதிர்ச்சியில் தலை அடிபட்டால், தட்டில் எழுதப்பட்டிருக்கும் வழிகாட்டிக் குறிகளை அதனால் படிக்க முடிவதில்லை. தடம் தெரியாமல் கை இங்குமங்கும் வீசி, தட்டுக்கு வெளியே இருக்கும் சரிவில் போய் ஒதுங்கி, மறுபடி முயல்கிறது. அந்தத் தட்டல்தான் நாம் கேட்பது. ஒவ்வொரு தடவை மின்சாரம் கொடுக்கும்போதும், அடிபட்ட தலையைத் தட்டின் மேல் ஒருமுறை இழுத்துவிடுகிறோம்.

இதை எனக்கு முதலில் சொன்னது, வருத்தத்தோடு எழுதுகிறேன், ஊரிலிருந்தபடியே நான் போன் செய்த ஒரு ஜெர்மன் நிறுவனம். எடுத்த எடுப்பிலேயே அந்தப் பெண்மணி, இனி அதற்கு மின்சாரம் கொடுக்காதீர்கள் என்றார். பிறகு கூரியர் வந்து எடுத்துக்கொள்ளும், ஆய்வு இலவசம், செலவு மதிப்பீடு எழுத்தில் வரும், தரவுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி, 1200 முதல் 1900 யூரோ ஆகலாம் என்று முடித்தார். ஒழுங்கான பேச்சு. ஆனால் ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தொகையைக் கேட்டபோது, எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமே என்றுதான் மனம் கணக்குப் போட்டது. அன்றிரவே டிரைவைத் துண்டில் சுற்றிக்கொண்டு சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பி ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால், தொண்ணூறுகளில் கல்லூரி நண்பர்களோடு உதிரி பாகம் தேடி அலைந்த அதே நெரிசல்: வண்டிகள் நடுவில் நடைவழி, காலடியில் வயர் சுருள்கள், "என்ன சார் வேணும், சிசிடிவியா?" என்று இழுக்கும் குரல்கள். அன்று கேசட் மோட்டாரும் டிரான்சிஸ்டரும் குவிந்திருந்த பலகைகளில் இன்று போன் உறைகள் குவிந்திருக்கின்றன. நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு கட்டடத்தில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்ப வேண்டிய மாடிப்படியில் ஏறி இரண்டாம் தளம் சேர்ந்தேன். பெயர்ப்பலகை உள்ளங்கை அளவுதான். உள்ளே ஏசி, ஓரத்தில் வடிகட்டிய காற்றை நேர்கோட்டில் ஊதும் கண்ணாடிக் கூண்டு மேசை, பழுதான டிரைவைப் படிப்பதற்கென்றே ரஷ்யாவில் உருவான பிசி-3000 கருவி பொருத்திய இரண்டு கணினிகள். வாசலில் செருப்போடு என் அவநம்பிக்கையையும் கழற்றிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அது மட்டும் உள்ளே கூடவே வந்தது.

பதினேழுக்கு வட்டம் போட்ட அந்த மனிதர் கூண்டுக்குள் டிரைவின் மூடியைத் திறந்து, என்னை உருப்பெருக்கி வழியே பார்க்கச் சொன்னார். கண்ணாடிபோல் மின்னிய தட்டின் வெளியோரத்துக்குச் சற்று உள்ளே, இசைத்தட்டின் பள்ளம்போல மயிரிழை வட்டம் ஒன்று தெரிந்தது. "விழுந்ததுல வந்தது இல்ல சார் இது. விழுந்தா புள்ளியா இருக்கும். இது வட்டம், ஓட விட்டதுல வந்தது." நான் பதினேழு என்ற அந்த அட்டையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

என்னைப்போல் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ, சமாதானமாக வெள்ளக் கதை ஒன்று சொன்னார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் மூழ்கிய டிரைவ்கள் பை பையாக வந்தனவாம். மாடியில் வெயிலில் காயப்போட்டுப் பிறகு கரண்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தவர்களுடையதில், சேறு தட்டோடு ஒட்டிக் காய்ந்து போயிருந்தது. ஒன்றும் செய்யத் தெரியாமல், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வந்த ஒரு பாட்டியம்மாவின் டிரைவைக் கழுவி முழுவதுமாக மீட்டுக் கொடுத்தாராம். "தெரியாதவங்க சரியா செஞ்சாங்க சார்" என்றார். அது அத்தானுக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.

வேலை இதுதான்: அதே மாடல், அதே தலை எண்ணிக்கை, முடிந்தவரை அடுத்தடுத்த தேதியில் தயாரான இன்னொரு டிரைவைத் தேடிப் பிடித்து, அதன் தலைகளைச் சீப்பு போன்ற கருவியால் ஒன்றோடொன்று உரசாமல் விலக்கிப் பிடித்து, இதற்குள் மாற்ற வேண்டும். பச்சைப் பலகையைத் தூக்கி எறியக் கூடாது. இந்த டிரைவுக்கே உரிய அளவுத் திருத்தங்கள் அதிலுள்ள சிறு சில்லில் இருக்கின்றன, தரவைப் பூட்டியிருக்கும் மறையாக்கமும் அந்தப் பலகையோடு பிணைந்தது. தானம் தரும் டிரைவ் கிடைக்க ஐந்தாறு நாள் ஆகும், தான டிரைவின் விலை நாலாயிரத்து ஐந்நூறு, தரவு வந்தால் அதோடு பதினான்காயிரம், வராவிட்டால் அந்த விலை மட்டும் என்றார்.

ரசீது கேட்டேன். அந்த 17 எழுதிய அட்டையையே கிழித்து, என் போன் எண்ணைக் குறித்து, பாதியை என்னிடம் நீட்டினார். தரவு ரகசியம் பற்றி எழுத்தில் ஏதாவது உண்டா என்றேன். "உங்க வீட்டுக் கல்யாணத்தை வச்சு நான் என்ன சார் பண்ணப் போறேன்?" என்று சிரித்தார். அது பதிலாகாது. அந்த டிரைவில் பத்திர நகல்கள் இருந்தன, அம்மாவின் வங்கிப் புத்தகம் இருந்தது. இவ்வளவு நுட்பமான கைக்கு ஒரு பக்கத் தாளை அச்சடித்து வைப்பது என்ன பெரிய பாரம்? ஜெர்மன்காரனின் ஒப்பந்தத்தைக் கேலி செய்துகொண்டே வந்தவன், அட்டைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குறுகிய படியில் நின்று அதற்காக ஏங்கினேன்.

ஏழாம் நாள் கூப்பிட்டார். திரையில் பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள். தட்டின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்றாக இருந்த நான்கு தலைகளில் மூன்றைக் கொண்டு படித்தாயிற்று; கீறல் விழுந்த முகத்தைத் தொட்டால் புதுத் தலையும் போய்விடும் என்பதால் அதைத் தவிர்த்துவிட்டார். எல்லாவற்றுக்கும் முன்னால் கோப்புகளின் பட்டியலை மட்டும் எடுத்து, என்னை போனில் அழைத்து, "முதல்ல எந்த ஃபோல்டர் சார்?" என்று கேட்டிருந்தார். மாற்றிய தலை எப்போது வேண்டுமானாலும் கைவிடும், அதற்குள் எது முக்கியமோ அது வர வேண்டும் என்பது கணக்கு. வரிசை முறையில் என் பழைய வேலைக் கோப்புகளிலிருந்து தொடங்கியிருந்தால் என் கதி என்ன என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இத்தகைய டிரைவில் தரவு முகம் முகமாகத் தனித்தனியே அடுக்கப்படுவதில்லை. ஒரு முகத்தில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம் எனப் பட்டை பட்டையாக மாறி மாறிப் போகிறது. ஆகவே, ஒரு முகம் போனால் எல்லா இடத்திலும் சீராகத் துளை விழும். சில எம்பி அளவே உள்ள புகைப்படங்கள் பெரும்பாலும் முழுதாக வந்தன, அல்லது முழுதாகப் போயின; ஏறக்குறைய முக்கால் பங்கு வந்தது. பெரிய வீடியோக்களில் ஒன்றுகூடத் துளையில்லாமல் தப்பவில்லை. போனில் எடுத்த எம்பி4 கோப்புகள் பல திறக்கவே மறுத்தன. ஆனால் ஸ்டுடியோக்காரர் சாறு போகாமல் வைத்த ஏவிஐ கோப்புகளில் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியே நிற்பதால், துளையைத் தாண்டி அவை ஓடுகின்றன. அரை நிமிடம் திரை இருண்டு, மறுபடி வெளிச்சம் வரும்.

மொத்தம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். தன் கணினியிலிருந்த நகலை என் கண் முன்னாலேயே அழித்துக் காட்டினார், நானும் நம்பிக்கொண்டேன். அன்றிரவு அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். பந்தியில் அப்பா, தோளில் துண்டோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கேமராவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்துக்கொண்டே முதல் இலைக்குக் குனிகிறார். இருட்டு. அத்தான், "வயரை ஒரு தடவை எடுத்துட்டுப் போட்டுப் பாரு மாப்ளே" என்றார். படம் வந்தபோது வேறு யாரோ ரசம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.