சன் வைசரில் மாட்டும் புளூடூத் ஸ்பீக்கர்: நான்கு மாத அனுபவம்

ஓட்டுநர் தலைக்கு மேல் உள்ள வெயில் மறைப்பில் மாட்டும் இந்த ஸ்பீக்கரை ஈரோட்டில் கார் உதிரிபாகக் கடை ஒன்றில் 2,150 ரூபாய்க்கு வாங்கினேன். நான் துணிக்கான நூல் விற்றுத் தரும் ஏஜென்ட். வாரத்தில் ஐந்து நாள் பெருந்துறை, திருப்பூர், கோவை என்று காரிலேயே கழிகிறது. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது என்றுதான் இதை வாங்கினேன்.

ஒருமுறை சார்ஜ் செய்தால் நான்கு நாள் தாங்குகிறது. ஜன்னலை இறக்கியிருந்தாலும், பக்கத்தில் லாரி போனாலும் நான் பேசுவது எதிர்முனையில் தெளிவாகக் கேட்கிறது. இரண்டு போன்களை இணைக்கலாம்.

சென்ற மாதம் விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வாடிக்கையாளர் ஒருவர் அழைத்தார். 30ஆம் நம்பர் நூலில் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைக்கச் சொன்னார். மனக்கணக்குப் போட்டபடியே பேசினேன். இரு கைகளும் ஸ்டியரிங்கில், கண் சாலையில். பேச்சு முடிந்தபோது அவிநாசி வந்துவிட்டது. நான் அதற்கு முன்பே பெருமாநல்லூரில் திருப்பூருக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் வரும் செங்கப்பள்ளியைத் தாண்டியதுகூட நினைவில் இல்லை. 80 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது கார். நடுவில் ஒரு டி.வி.எஸ். 50 குறுக்கே வந்திருந்தால்? ஓரமாக நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பாட்டிலைப் பிடித்த கை நடுங்கியது.

மருத்துவம் படிக்கும் மகளிடம் சொன்னேன். டொராண்டோவில் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியான கட்டுரையைக் காட்டினாள். போனில் பேசும்போது விபத்து அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காம். கையில் பிடிக்காமல் பேசும் போன்களாலும் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லையாம். 2019இல் திருத்திய நம் மோட்டார் வாகனச் சட்டம் கையில் பிடிக்கும் கருவியை மட்டும்தான் சொல்கிறது. அதனால்தான் நானும் தைரியமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

மனைவி பக்கத்தில் இருக்கும்போது முன்னால் லாரி பிரேக் போட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள். போனில் விலை பேசுகிறவருக்கு அந்த லாரி தெரியாது.

இன்னொரு முக்கியமான குறை: போன் இரண்டு முறை அடித்ததும் அழைப்பைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதை நிறுத்தும் முறை கையேட்டில் இல்லை. கடைக்காரரும் தெரியாது என்றார். அதனால் வண்டியை எடுக்கும் முன் ஸ்பீக்கரை அணைத்து டேஷ்போர்டுக்குள் வைத்துவிடுகிறேன். சுங்கச்சாவடி தாண்டி, டீக்கடை ஓரம் நிறுத்தித்தான் தவறிய அழைப்புகளுக்குப் பேசுகிறேன். இதுவரை ஒரு ஆர்டரும் கைவிட்டுப் போகவில்லை.