எடைக் குறைப்பு மையத்தில் முழுப் பணத்தையும் கட்டும் முன்

நாற்பதைத் தாண்டிய பிறகு உடம்பைக் குறைக்கக் கிளம்பும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். பழைய உடம்பை மீட்டுத் தருவதாக உத்தரவாதம் கொடுத்த ஓர் எடைக் குறைப்பு மையம், ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு என்னை ஏமாற்றியது. பணத்தைக்கூட விட்டுவிடலாம். இருந்த கொஞ்சநஞ்ச பலத்தையும் சேர்த்துக் கரைத்துவிட்டார்கள், அதுதான் ஆறவில்லை.

முதல் நாளே ஓர் எந்திரத்தில் வெறுங்காலோடு நிற்க வைத்தார்கள். உங்கள் உடம்புக்கு உங்களைவிடப் பத்து வயது கூட என்று ஒரு தாளைக் காட்டினார்கள். "நாற்பதுக்கு மேல் மெட்டபாலிசம் படுத்துவிடும் சார், இனி நீங்களாகக் குறைக்கவே முடியாது" என்றார்கள். மெட்டபாலிசம் என்றால் உடம்பு ஆற்றலைச் செலவிடும் வேகம். நாற்பதில் அது படுத்துவிடும் என்பது உண்மையில்லை. 6,400க்கும் மேற்பட்டவர்களை அளந்து 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, உடலின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்தால், 20 வயதிலிருந்து 60 வரை ஆற்றல் செலவு பெரிதாக மாறுவதில்லை என்கிறது. நடுவயதில் குறைவது தசையும் நடமாட்டமும். இரண்டையும் மீட்கலாம்.

அந்த எந்திரத்தைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏமாற்று வேலை அங்கேதான் நடக்கிறது. அது கொழுப்பை நேராக அளப்பதில்லை. பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, உடம்பு எவ்வளவு தடை தருகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. உடம்பில் நீர் கூடினாலும் குறைந்தாலும், சாப்பிட்டிருந்தாலும் அந்தக் கணக்கு மாறும். என் முதல் அளவை மாலையில், சாப்பிட்ட வயிற்றோடு எடுத்தார்கள். அடுத்ததைக் காலையில் வெறும் வயிற்றில், அதுவும் வியர்வை பெல்ட்டைக் கட்டி உட்கார வைத்த பிறகு எடுத்தார்கள். வியர்வையில் போனது தண்ணீர்தான். குடித்தால் திரும்பி வந்துவிடும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, எடை குறைந்ததைக் காட்டி, கொழுப்பு கரைந்தது என்று கை குலுக்கினார்கள்.

உணவிலும் அதே வேலைதான். மாவுச்சத்தை அறவே நிறுத்தினார்கள். மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கும்; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் தங்கியிருக்கும். சேமிப்பு தீரும்போது அந்த நீரும் போய்விடும். முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பகுதி இதுதான். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது, அது சில நாளில் கரையாது.

அப்புறம் இரண்டு வேளை வெறும் பவுடர். நாளுக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவு மருத்துவர் கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் ஆபத்தும் கூடும். அங்கே மருத்துவரும் இல்லை, தசையைக் காக்கும் பளுப் பயிற்சியும் இல்லை. மாடி ஏறினால் கால் நடுங்கியது, முடி கொட்டியது. கேட்டால், நச்சு வெளியேறுகிறது என்றார்கள்.

கடைசியாக ஒரு மாத்திரை. மூலிகை, பக்கவிளைவே கிடையாது என்று கொடுத்தார்கள். டப்பாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. நெஞ்சு படபடத்தது, தூக்கம் போனது. மருத்துவர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தச் சொன்னார். சிபுட்ரமின் என்ற பசி குறைக்கும் மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. மூலிகை என்று விற்ற எடைக் குறைப்பு மாத்திரைகளில் அது ரகசியமாகக் கலந்திருப்பது அதன் பிறகும் பலமுறை பிடிபட்டிருக்கிறது. என்னுடையதில் என்ன இருந்தது என்று எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. பணமும் வரவில்லை. நடுவில் விலகினால் திருப்பித் தர மாட்டோம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களாம்.

சரி, சேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் மாதக் கட்டணமாக மட்டும் கட்டுங்கள். ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அளக்கச் சொல்லுங்கள். இடுப்புச் சுற்றளவை நீங்களே டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. இந்த இரண்டாவது இல்லாத திட்டத்தை நம்பாதீர்கள்.

இப்படிப் பெயர் தெரியாத மாத்திரையை இப்போது யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றே நிறுத்திவிட்டு, அந்த டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள்.