லண்டன், பாரிஸ், ஹனாவ்: எந்த முத்திரை எதைச் சொல்லும்?

பழைய ஐரோப்பிய வெள்ளிச் சாமான் ஒன்று கைக்கு வந்தால் கேள்வி இரண்டுதான்: எந்த வருஷத்தது, யார் செய்தது? பதிலை அதில் அடித்த முத்திரையில்தான் தேட வேண்டும். வருஷத்துக்கு இங்கிலாந்து முத்திரை, ஆளுக்கு பிரான்ஸ் முத்திரை என்பது என் கணக்கு. ஜெர்மனி பெரும்பாலும் இரண்டுக்கும் கையை விரிக்கும்.

இங்கிலாந்து முத்திரையில் நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும், நங்கூரம் பர்மிங்காமை. பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்துதான் வருஷம். லண்டனில் 1974 வரை இந்த எழுத்து 20 வருஷத்துக்கு ஒரு சுற்று வந்தது, சுற்றுக்குச் சுற்று எழுத்தின் வடிவம் மாறியது. ஆனாலும் ஏமாந்துபோக வழி உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ 1796-க்கும் உண்டு, 1876-க்கும் உண்டு. அப்போது சிறுத்தையின் தலையைப் பாருங்கள்: லண்டன் சிறுத்தை 1821 வரைதான் கிரீடம் சூடியிருந்தது. அரச தலை முத்திரையும் உதவும். வரி கட்டியதற்கு அடையாளமாக 1784 முதல் 1890 வரை அடித்தார்கள். 1796-இல் அது மூன்றாம் ஜார்ஜ், வலப்பக்கம் பார்ப்பார். 1876-இல் விக்டோரியா, இடப்பக்கம் பார்ப்பார். இவ்வளவு இருந்தால் வருஷத்தைப் பற்றிச் சந்தேகமே வராது.

செய்தவர் யார் என்பதில்தான் அங்கே தடுமாற்றம். வெறும் தலைப்பெழுத்துகள்தான் இருக்கும். ஒரே எழுத்துகளைப் பல பட்டறைகள் வைத்திருந்தன. போதாக்குறைக்கு, அது செய்தவருடையதாக இல்லாமல் விற்ற கடையுடையதாகவும் இருக்கலாம். இன்னொரு தில்லுமுல்லு, சின்னச் சாமானிலிருந்து முத்திரையை வெட்டி எடுத்துப் பெரிய டீ பாத்திரத்தில் பற்றவைப்பது. அந்த இடத்தில் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படியும்போது பற்றாசுக் கோடு பல நேரம் தெரிந்துவிடும்.

பிரான்ஸில் 1797-க்குப் பிறகு பட்டறை முத்திரை சாய்சதுரத்துக்குள்தான் இருக்கும். தலைப்பெழுத்துகளோடு ஒரு சின்னமும் சேரும்: ஒரு நட்சத்திரமோ பூவோ கருவியோ. எழுத்து ஒன்றாக இருந்தாலும் சின்னம் ஆளைப் பிரித்துக் காட்டிவிடும். எனக்கு பிரெஞ்சு முறை பிடித்துப்போனது இதனால்தான். வருஷம் மட்டும் தோராயம்தான். சேவல் இருந்தால் 1798-க்கும் 1819-க்கும் நடுவில், கிழவர் தலை இருந்தால் 1838 வரை, அதன் பிறகு மினர்வா தேவியின் தலை. பழைய சாமானில் மினர்வாவோடு 1 என்ற எண் இருந்தால் 950 தரம், 2 இருந்தால் 800. முதல் தரம் ஸ்டெர்லிங்கைவிட ஒரு படி மேல் என்பது பலருக்குத் தெரியாது. அப்புறம் ஒரு வேடிக்கை: 1819-க்குப் பிறகு, வெள்ளியின் தரம் பார்க்கும் அரசு சோதனைக்கூடத்தில் சாமானைப் பூச்சிகள் செதுக்கிய பட்டறைக்கல் மேல் வைத்து அடித்தார்கள். அதனால் முன்பக்கம் மினர்வா என்றால் மறுபக்கம் மெல்லிய பூச்சிக் கால்கள் பதிந்திருக்கும். கள்ள முத்திரை அடிப்பவருக்கு இது பெரிய தலைவலி.

ஜெர்மனியில் 1888 முதல் பிறையும் கிரீடமும், கூடவே 800 போன்ற ஓர் எண்ணும். தரத்துக்கு அடித்தவரே பொறுப்பு. அரசு சோதனைக்கூடம் கிடையாது, வருஷ எழுத்தும் கிடையாது. அதற்கு முந்தைய சாமானில் லோட் என்ற பழைய தர அளவு வரும்: 16 லோட் சுத்த வெள்ளி, 12 லோட் என்றால் 750. பைன் காய் இருந்தால் ஆக்ஸ்பர்க் நகரம் என்று படித்துவிட்டு அவசரப்படாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹனாவ் நகரப் பட்டறைகள் பழைய பாணிச் சாமான்கள் செய்து, பழைய முத்திரைகளைப் போலவே கற்பனை முத்திரைகளையும் அடித்தன. அலங்காரம் அளவுக்கு மீறி ‘பழசாக’ இருந்து, பக்கத்தில் பிறையும் இருந்தால் ஹனாவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

நம் ஊர்க் கடையில் கேட்கும் ‘ஜெர்மன் சில்வர்’ இந்தக் கணக்கிலேயே வராது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி துளியும் இல்லை.

ஒரே விலைக்கு ஒரு லண்டன் கரண்டியும் முதல் தர மினர்வா கரண்டியும் கிடைத்தால்? நான் மினர்வாவை எடுப்பேன், சாய்சதுரம் தேயாமல் இருந்தால் மட்டும்.