டார்க்டேபிள்: ரா கோப்புகளுக்கு நான் தேர்ந்தெடுத்த மென்பொருள்

மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்திய மென்பொருளை நிறுத்திவிட்டு, ஒன்றரை வருடமாக டார்க்டேபிளில்தான் என் ரா கோப்புகளை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படங்களை, திருத்துகிறேன். 2009-இல் வெளிவந்த இலவச, திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

என்னை இழுத்துப் பிடித்தது இரைச்சல் நீக்கம், அதாவது படத்தில் தெரியும் தேவையற்ற புள்ளிகளை அகற்றும் வசதி. அந்தி வெளிச்சத்தில் எடுத்த மீன்கொத்தி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 6400. பின்னணி முழுக்க மணல் தூவியது போலப் புள்ளிகள். கேமரா மாடலுக்கும் ஐஎஸ்ஓவுக்கும் முன்பே அளந்து வைத்த இரைச்சல் விவரத்தைக் கொண்டு இரைச்சல் நீக்கும் மாட்யூல் (ஒரு வேலைக்கென உள்ள தனிக் கருவி) வேலை செய்கிறது. அதை இயக்கியதும் பின்னணி வழவழப்பானது; கழுத்து இறகின் இழைகள் அப்படியே நின்றன. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சந்தோஷம்!

அசல் கோப்பை டார்க்டேபிள் தொடுவதில்லை. திருத்தங்கள் எல்லாம் பக்கத்திலேயே ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் சேரும். பழைய படத்தை எப்போது வேண்டுமானாலும் முதலிலிருந்து தொடங்கலாம்.

சரி, குறை? மாட்யூல்கள் ஏராளம், முதல் வாரம் தலை சுற்றும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வெள்ளைச் சமநிலை (நிறச் சாய்வைச் சரிசெய்வது), இரைச்சல் நீக்கம், இந்த மூன்றோடு ஆரம்பியுங்கள். மற்றவை அப்புறம். பல படங்களை வெட்டி ஒட்டிச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை என்றால் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் பக்கம் போங்கள்.